ஏஐ வைத்து கேம் ஒலி செய்யும் கம்பெனி: எல்லோரும் கேட்கும் கேள்விகள்

கோவையில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து கேம்களுக்கு ஒலி செய்து கொடுக்கிறோம். அதில் பாதிக்கு மேல் ஏஐ உதவியோடு நடக்கிறது. "நானும் இப்படி ஒன்று ஆரம்பிக்கலாமா" என்று கல்லூரிப் பிள்ளைகள் கேட்கிறார்கள், டப்பிங் பேசுகிறவர்கள் கேட்கிறார்கள், "பையன் நல்ல வேலையை விட்டுட்டு இதுல இறங்குறேங்கிறான், சரிப்பட்டு வருமா தம்பி" என்று ஒரு அப்பாகூடக் கேட்டார். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான் என்பதால் பதில்களை ஒரே இடத்தில் போட்டுவிடுகிறேன். சட்டமும் வரியும் பற்றி எழுதியிருப்பது எங்களுக்குத் தெரிந்த அளவுக்குத்தான், கையெழுத்துப் போடுமுன் உங்கள் ஆடிட்டரையும் வக்கீலையும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு வரி டைப் செய்தால் சத்தம் வந்துவிடுகிறது. அதற்கு ஒரு கம்பெனி எதற்கு?

உண்மைதான். "குகைக்குள் தண்ணீர் சொட்டுகிறது" என்று எழுதினால் சில நொடிகளில் சொட்டுகிறது. அதை கேம் ஸ்டூடியோக்காரரே செய்துகொள்வார், உங்களுக்குக் காசு தர மாட்டார். ஆரம்பத்தில் இது எங்கள் மண்டையில் ஏறவில்லை. அழகாக ஒரு இணையதளம் போட்டு, "எந்தச் சத்தம் வேண்டுமானாலும் கிடைக்கும்" என்று எழுதி வைத்து மூன்று மாதம் ஈ ஓட்டினோம்.

காசு வருவது இரண்டு வேலைக்கு. வந்த சத்தத்தை கேமுக்குள் பொருந்தும்படி ஆக்கிக் கொடுப்பது ஒன்று. அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது, யார் சம்மதித்தார்கள் என்று காகிதத்தோடு காட்டுவது இன்னொன்று. முதல் வேலைக்குக் காது வேண்டும், இரண்டாவதற்குக் கணக்குப்பிள்ளை புத்தி வேண்டும். ஏஐ தெரிந்தவர்கள் தெருவுக்கு நாலு பேர் கிடைக்கிறார்கள், இந்தக் கணக்குப்பிள்ளை கிடைப்பதுதான் பெரும்பாடு.

கேமுக்குள் பொருந்துவது என்றால் என்ன? சத்தம் சத்தம்தானே?

சினிமாவில் ஒரு கதவு ஒருமுறை சாத்தும். கேமில் அதே கதவை ஆடுகிறவர் சும்மா வேடிக்கைக்கு நாற்பது முறை சாத்துவார், நாற்பது முறையும் ஒரே சத்தம் வந்தால் மூன்றாவது தடவையே காது கண்டுபிடித்துவிடும். காலடிச் சத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மண், புல், கல், மரம், தண்ணீர், தகரம் என்று ஆறு தரை. நடப்பது, ஓடுவது, குதித்து இறங்குவது என்று மூன்று. ஒவ்வொன்றுக்கும் எட்டு வேரியேஷன். மொத்தம் 144 கோப்புகள், ஒரே ஒரு கதாபாத்திரத்தின் காலுக்கு மட்டும். அந்த எட்டும் ஒரே ஆளின் கால் மாதிரியும் இருக்கவேண்டும், ஒன்றைப்போல் இன்னொன்று இருக்கவும் கூடாது. ஏஐயிடம் எட்டு முறை கேட்டால் எட்டு வேறு ஆட்கள் எட்டு வேறு செருப்பில் நடந்து காட்டுவார்கள்.

அப்புறம் எதிரொலி. ஏஐ மாடல்கள் பயிற்சிக்காகப் படித்தவற்றில் பெரும்பகுதி நிஜ இடங்களில் பதிவானவை, அதனால் கேட்கிற சத்தத்தோடு ஒரு அறையும் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். வாள் மோதும் சத்தம் கேட்டால் வாளும் வரும், அது மோதிய மண்டபமும் வரும். கேமுக்கு அந்த மண்டபம் வேண்டாம். ஆடுகிறவர் எங்கே நிற்கிறாரோ அதற்குத் தக்க எதிரொலியை, கேமை ஓட்டுகிற மென்பொருளான எஞ்சினே போட்டுக்கொள்ளும், நாம் கொடுப்பதிலும் எதிரொலி இருந்தால் வயல்வெளியில் நடக்கிற சண்டை கல்யாண மண்டபத்துக்குள் நடப்பதுபோல் கேட்கும். ஒரு இடத்திலிருந்து வருவதாகத் தெரியவேண்டிய சத்தம் மோனோவாகவும், அதாவது ஒரே தடமாகவும், இருக்கவேண்டும், மாடல் பெரும்பாலும் ஸ்டீரியோவில் கொடுக்கும். இதையெல்லாம் எதிரொலி போக உலர்த்தி, வெட்டி, சீராக்கிக் கொடுப்பதில்தான் எங்கள் நாளில் முக்கால்வாசி போகிறது.

மழை, காற்று, ஜெனரேட்டர் போன்றவை லூப் ஆகவேண்டும், அதாவது முடிந்ததும் இடைவெளி தெரியாமல் மறுபடி தொடங்கவேண்டும். முடிவும் தொடக்கமும் சேர்கிற இடத்தில் ஒரு 'டிக்' கேட்டால் போச்சு. எம்பி3 ஆகக் கொடுத்தால் அந்த வடிவமே முன்னும் பின்னும் கொஞ்சம் மௌனத்தை ஒட்டிவிடும், லூப் ஒவ்வொரு சுற்றிலும் தடுக்கும். அதனால் வேவ் கோப்பாகக் கொடுத்துவிடுங்கள், சுருக்குகிற வேலையை எஞ்சின் பக்கம் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் அளவு ஞாபகம் இருக்கட்டும்: 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ என்றால் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 11.5 எம்பி. மொபைல் கேம்காரரிடம் இருபது நிமிடச் சூழல் ஒலியைச் சந்தோஷமாக நீட்டினால் அவர் உங்களைப் பார்க்கிற பார்வையே வேறாக இருக்கும். உரப்புக்கும் கணக்கு உண்டு. சோனியின் பரிந்துரை, எல்யுஎஃப்எஸ் என்கிற உரப்பு அலகில், வீட்டுக் கன்சோலுக்கு மைனஸ் 24, கையடக்கக் கருவிக்கு மைனஸ் 18. தெருவிலும் பஸ்ஸிலும் வைத்து ஆடுவார்கள் இல்லையா, அதற்காக.

இன்னொன்று: எஃப்மோட், வைஸ் இரண்டில் ஒன்றை ஏஐயைத் தொடுவதற்கு முன்பே கற்றுக்கொள்ளுங்கள். எந்தச் சத்தம் எப்போது, எந்த வரிசையில், எவ்வளவு உரப்பில் ஒலிக்கவேண்டும் என்பதை கேமுக்குள் கட்டுப்படுத்துவது இவைதான். சின்ன பட்ஜெட் கேம்களுக்கு இரண்டுமே இலவசம்.

இசையும் இப்படித்தானா?

இசை இதைவிடத் தொல்லை. கேம் இசை அடுக்கடுக்காக இருக்கும். அமைதியாக நடக்கும்போது தம்புரா மாதிரி ஒரு அடிநாதம், எதிரி தெரிந்ததும் அதன் மேல் தாளம், சண்டை முற்றியதும் பித்தளைக் கருவிகள். எல்லாம் ஒரே வேகத்தில், ஒரே சுருதியில், தனித்தனிக் கோப்பாக வேண்டும். இசை செய்யும் ஏஐ மென்பொருள்கள் முழுப் பாட்டாகக் கலந்து கொடுப்பதில் கெட்டிக்காரர்கள். கலந்ததைப் பிரிக்க மெட்டாவின் டெமுக்ஸ் போன்றவை இருக்கின்றன, ஆனால் பிரித்த அடுக்கைத் தனியே கேட்டால் தண்ணீருக்கு அடியிலிருந்து வாசிப்பதுபோல் ஒரு வழவழப்பு தெரியும்.

வழக்குகளும் இங்கேதான் அதிகம். 2024 ஜூனில் அமெரிக்காவின் பெரிய இசை நிறுவனங்கள், ஏஐயில் பாட்டு செய்து தரும் சூனோ, யூடியோ இரண்டின் மேலும் வழக்குப் போட்டன. 2025 கடைசியில் யூனிவர்சல் யூடியோவோடும், வார்னர் சூனோவோடும் சமரசத்துக்கு வந்தன. ஆனால் உங்கள் வாடிக்கையாளரின் வக்கீலுக்கு இந்தச் செய்திகளில் முதல் பாதி மட்டும்தான் ஞாபகம் இருக்கும். ஆகவே இசைக்கு நாங்கள் ஒரு இசையமைப்பாளரோடு சேர்ந்து வேலை செய்கிறோம். ஏஐ எங்களிடம் மாதிரி காட்டுவதோடு நின்றுகொள்கிறது.

கேம் ஓடும்போதே ஏஐ புதிது புதிதாகச் சத்தம் உருவாக்குமா?

கேட்க நன்றாக இருக்கிறது, இப்போதைக்கு விடுங்கள். நொடிக்கு 60 ஃபிரேம் ஓடுகிற கேமில் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 16.7 மில்லி நொடி, படம் வரைகிற சிப்பான ஜிபியு முழுக்கப் படத்துக்கே போதவில்லை என்று புலம்புவார்கள். அடித்த அடிக்குச் சத்தம் கண்ணுக்குத் தெரியாத நேரத்தில் வந்தாகவேண்டும். முன்கூட்டியே செய்து வைத்து, எஞ்சினுக்குள் சுருதியையும் உரப்பையும் கொஞ்சம் மாற்றி ஒலிக்கவிட்டால் நூற்றுக்குத் தொண்ணூறு இடங்களில் போதும்.

எந்த மாடல்? சொந்தமாகப் பயிற்சி கொடுக்கவேண்டுமா?

பூஜ்யத்திலிருந்து பயிற்சி கொடுக்க நினைக்காதீர்கள், வீடு போய்விடும். யாரும் இறக்கிக்கொள்ளக்கூடிய திறந்த மாடலை எடுத்து உங்கள் பதிவுகளைக் கொண்டு மெருகேற்றுங்கள், 24 ஜிபி நினைவகம் உள்ள ஒரு கிராஃபிக்ஸ் கார்டில் நடக்கிற வேலை.

ஆனால் லைசென்ஸை வரிவரியாகப் படியுங்கள். மெட்டா 2023-ல் வெளியிட்ட ஆடியோகிராஃப்ட் என்கிற ஒலி, இசை ஏஐ தொகுப்பின் நிரலை யாரும் எடுத்துக்கொள்ளலாம், எம்ஐடி லைசென்ஸ். ஆனால் அதோடு வருகிற பயிற்சி பெற்ற மாடல்கள் வணிகப் பயன்பாட்டுக்கு இல்லை. நிரலின் லைசென்ஸை மட்டும் பார்த்துவிட்டு "இலவசம்டா" என்று குதித்தவர்களில் நானும் ஒருவன். ஸ்டெபிளிட்டி ஏஐ நிறுவனம் 2024-ல் விட்ட 'ஸ்டேபிள் ஆடியோ ஓபன்' என்கிற மாடல், ஃப்ரீசவுண்ட், ஃப்ரீ மியூசிக் ஆர்க்கைவ் என்கிற இரண்டு இணையக் களஞ்சியங்களிலும் உள்ள கிரியேட்டிவ் காமன்ஸ் (உரியவரே பிறர் பயன்படுத்த அனுமதித்த) பதிவுகளில் பயின்றது, 47 நொடி வரை கொடுக்கும், ஆண்டு வருமானம் 10 லட்சம் டாலருக்குக் கீழே இருக்கும்வரை வணிகத்துக்கும் இலவசம். அந்தத் தொகையைத் தாண்டுகிற அன்றைக்கு லைசென்ஸுக்குக் கட்டிக்கொள்ளலாம், அது நல்ல பிரச்சினை.

பயிற்சிக்கான ஒலிகள் எங்கே கிடைக்கும்?

ஃப்ரீசவுண்டில் பொக்கிஷமே இருக்கிறது, பார்சிலோனாவின் பொம்பியு ஃபாப்ரா பல்கலைக்கழகம் 2005-லிருந்து நடத்துகிறது. ஆனால் ஒவ்வொரு கோப்புக்கும் ஒவ்வொரு லைசென்ஸ். சிலவற்றுக்கு எந்த நிபந்தனையும் இல்லை, சிலவற்றுக்குப் பெயர் போடவேண்டும், சிலவற்றை வணிகத்துக்குத் தொடக்கூடாது. மொத்தமாக இறக்கி ஒரே ஃபோல்டரில் கொட்டினால் பிறகு பிரிக்கவே முடியாது.

எங்களுக்குக் கைகொடுத்தது ஆவாரம்பாளையம் பக்கத்து லேத் பட்டறை ஒன்று. ஞாயிற்றுக்கிழமை மெஷின் ஓடாத நேரமாகப் பார்த்து, இரண்டு மைக்கோடு போய், இரும்பை இரும்பால் தட்டி, சங்கிலியை இழுத்து, தகடைத் தரையில் தேய்த்து, ஷட்டரை இறக்கி ஏற்றி நாள் முழுக்கப் பதிவு செய்தோம். பட்டறை அண்ணன் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, "ஏந்தம்பி, சத்தத்தையெல்லாமா காசு குடுத்து வாங்குறாங்க?" என்று கேட்டார். சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வாங்கி ஒரு தொகையும் கொடுத்தபோதுதான் நம்பினார். அந்த ஒரு நாள் பதிவு எங்கள் ரோபோ சத்தங்கள் எல்லாவற்றுக்கும் அஸ்திவாரம். மைக்கைப் பொருளுக்குப் பக்கத்திலேயே வைத்ததால் மண்டப எதிரொலித் தொல்லையும் பாதி தீர்ந்தது. உங்கள் ஊரில் தறி இருக்கும், செங்கல் சூளை இருக்கும், மீன் ஏலம் இருக்கும். அதெல்லாம் அமெரிக்காவில் இருக்கிற ஒலி நூலகத்தில் அவ்வளவு சுலபமாகக் கிடைக்காது.

எங்கிருந்து வந்தது என்று யார் கேட்கப்போகிறார்கள்?

கேட்டார்கள். எங்கள் இரண்டாவது வேலை ஒரு வெளிநாட்டு ஸ்டூடியோவுக்கு, முந்நூற்றுச் சொச்சம் கோப்புகள். கொடுத்து முடித்தபிறகு ஒவ்வொன்றுக்கும் மூலம் என்ன என்று பட்டியல் கேட்டார்கள். பதினோரு கோப்புகளுக்கு எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. ஏதோ பழைய ஃபோல்டரில் இருந்தது, எங்களில் யார் எங்கிருந்து இறக்கினோம் என்று மூவருக்குமே நினைவில்லை. அந்தப் பதினொன்றையும் புதிதாகச் செய்து கொடுக்கும்வரை மொத்தப் பணமும் நின்றுவிட்டது, தப்பு முழுக்க எங்களுடையது. அன்றிலிருந்து கோப்பின் பெயர், பதிவு செய்த நாள், இடம், ஆள், லைசென்ஸ், எந்த மாடலின் எந்தப் பதிப்பு, என்ன ப்ராம்ப்ட் (ஏஐயிடம் எழுதிக் கேட்ட வரி), பிறகு கையால் என்ன செய்தோம் என்று ஒரு பேரேடு எழுதுகிறோம். பேரேட்டில் இல்லாத சத்தம் ஆபீசை விட்டு வெளியே போகாது.

அவர்கள் கேட்பதற்கும் காரணம் இருக்கிறது. 2024 ஜனவரியிலிருந்து ஸ்டீம் என்கிற இணைய கேம் கடையில் கேம் வெளியிடுகிறவர் ஏஐ பயன்படுத்தியதைச் சொல்லவேண்டும், அதில் பெரும்பகுதி கேமின் கடைப் பக்கத்திலும் தெரியும். முன்கூட்டிச் செய்தது தனி, ஓடும்போது உருவாவது தனி. சட்டவிரோதமாகவோ பிறர் உரிமையை மீறியோ எதுவும் உள்ளே இல்லை என்றும் உறுதி கொடுக்கவேண்டும். அந்த உறுதியை உங்கள் பேரேட்டை நம்பித்தான் கொடுக்கிறார்.

குரலை ஏஐயில் செய்யலாமா?

எச்சரிக்கையாக. அமெரிக்காவில் கேம்களுக்குக் குரல் கொடுக்கிற கலைஞர்கள் 2024 ஜூலை 26-ல் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள், முக்கியமான சிக்கலே ஏஐதான். அடுத்த ஆண்டு ஜூன் வரை ஓடியது. பெரிய ஸ்டூடியோக்கள் இப்போது குரல் விஷயத்தில் சூடு கண்ட பூனைகள்.

நல்ல முறையில் செய்ததற்கும் உதாரணம் உண்டு. சைபர்பங்க் 2077 கேமின் 2023 விரிவாக்கத்தில், இறந்துபோன போலந்துக் கலைஞர் ஒருவரின் கதாபாத்திரம் திரும்ப வந்தது. குடும்பத்தாரிடம் சம்மதம் வாங்கி, வேறொரு நடிகரைப் பேசவைத்து, அந்தக் குரலைப் பழையவரின் குரலாக மாற்றினார்கள். உக்ரைனின் ரெஸ்பீச்சர் நிறுவனத்தின் தொழில்நுட்பம். நடிப்பு மனிதருடையது, தொண்டை மட்டும் மாறியது என்பதைக் கவனியுங்கள். நம் ஊரிலும் 2024-ல் ஏ.ஆர். ரஹ்மான், மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் குடும்பத்தாரின் அனுமதியோடு, ஊதியமும் கொடுத்துத் திரும்பக் கொண்டுவந்தார். அப்போதும் விவாதம் எழத்தான் செய்தது. அதே ஆண்டு பாடகர் அரிஜித் சிங்கின் குரலைக் கேட்காமல் நகலெடுத்த ஏஐ தளங்களுக்கு எதிராக மும்பை உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது.

எங்கள் ஒப்பந்தத்தில் எந்த கேம், எந்தக் கதாபாத்திரம், எத்தனை வருடம், எத்தனை வரிகள் வரை என்று எழுதியிருப்போம். பதிவுக்கு ஒரு தொகை, குரலை மாடலாக்குவதற்குத் தனித் தொகை, காலம் முடிந்தால் மாடலை அழித்துவிட்டு எழுத்தில் தெரிவிப்பது. "அனைத்து உரிமைகளும் என்றென்றைக்கும்" என்கிற வரியை எந்த டப்பிங் கலைஞரிடமும் நீட்டாதீர்கள். நீட்டுகிறவர்களிடம் கலைஞர்களே, கையெழுத்துப் போடாதீர்கள்.

தமிழில் பேசும் ஏஐ குரல் எப்படி இருக்கிறது?

முன்னைக்கு எவ்வளவோ மேல், சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் போன்ற குழுக்கள் திறந்த மாடல்கள் விட்டிருக்கிறார்கள். சிக்கல் நம் எழுத்தில் இருக்கிறது. 'பாவம்' என்று எழுதினால் இரக்கப்படுகிற பாவமா, நடனத்தில் வருகிற பாவமா என்று எழுத்தைப் பார்த்துத் தெரியாது. "குண்டு போடு" என்கிற வசனத்தில் முதல் எழுத்தை ஆங்கில g ஒலியில் சொல்லவேண்டும், மாடல் 'குயில்' மாதிரி k ஒலியில் 'கு' போடும். பெரும்பாலான பயிற்சிப் பதிவுகள் எழுத்துத் தமிழை வாசித்தவை என்பதால் "வந்துட்டானுங்க, ஓடுடா!" என்று எழுதிக் கொடுத்தால்கூட வானிலை அறிக்கை தொனியில் ஓடச் சொல்லும். பின்னணியில் யாரோ முணுமுணுக்கிற சந்தைக் கூட்டத்துக்குச் சரி, கதாநாயகிக்கு ஆளைக் கூப்பிடுங்கள்.

உருவான ஒலிக்குப் பதிப்புரிமை (காப்பிரைட்) யாருக்கு?

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-ல் கணினி உருவாக்கிய படைப்பு என்றால் அதை உருவாகச் செய்த நபரே ஆசிரியர் என்று 2(டி)(6) பிரிவில் இருக்கிறது. அந்த வரி சட்டத்தில் சேர்ந்தது 1994-ல், இன்றைய ஏஐயை நினைத்து எழுதியது இல்லை. அமெரிக்காவில் மனிதப் படைப்பாற்றல் இல்லாததற்குப் பதிப்புரிமை இல்லை என்று 2025 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் சொல்லிவிட்டது. வாடிக்கையாளர் அமெரிக்கர் என்றால் ப்ராம்ப்ட் போட்டு வந்ததை அப்படியே கொடுப்பதற்கும், நம் பதிவோடு கலந்து வெட்டி ஒட்டிச் செதுக்கிக் கொடுப்பதற்கும் அவருக்குப் பெரிய வித்தியாசம் இருக்கிறது. பேரேட்டில் "கையால் என்ன செய்தோம்" என்கிற பத்தி அதற்குத்தான்.

ரெஜிஸ்ட்ரேஷன், ஜிஎஸ்டி?

முதல் வேலை வரும்வரை எதுவும் பதியாதீர்கள். வந்தபிறகு எல்எல்பியோ (பொறுப்பு வரம்புள்ள கூட்டு நிறுவனம்) பிரைவேட் லிமிடெடோ, முதலீடு வாங்கும் எண்ணம் இருந்தால் பிரைவேட் லிமிடெட். வெளிநாட்டு வேலை சேவை ஏற்றுமதி, எல்யுடி என்கிற உறுதிப் பத்திரம் தாக்கல் செய்துவிட்டால் ஜிஎஸ்டி கட்டாமல் இன்வாய்ஸ் போடலாம். அமெரிக்க வாடிக்கையாளர் டபிள்யு-8பென்-இ என்று ஒரு வரிப் படிவம் கேட்பார், பயப்படவேண்டாம், எல்லோரிடமும் கேட்பதுதான்.

வாடிக்கையாளர்கள் எங்கே? எவ்வளவு கேட்பது?

இந்தியாவில் ரம்மி, போக்கர் மாதிரி பணம் கட்டி ஆடும் ஆப்கள்தான் கையில் காசு வைத்திருந்தன. 2025 ஆகஸ்டில் வந்த சட்டம் அவற்றைத் தடைசெய்ததும் அந்தப் பக்கம் காய்ந்துவிட்டது. எங்கள் வேலை பெரும்பாலும் மூன்று முதல் பத்துப் பேர் உள்ள வெளிநாட்டு இண்டி குழுக்களிடமிருந்து (பெரிய நிறுவனம் இல்லாமல் சுயமாக கேம் செய்கிறவர்கள்) வருகிறது. அவர்களில் யாராவது இலவச டெமோ விட்டிருந்தால் இறக்கி ஆடிப் பார்த்து, முப்பது நொடி வீடியோவுக்கு ஒலியை மாற்றிப் போட்டு அனுப்புவோம். பத்து அனுப்பினால் ஒன்றுக்குப் பதில் வரும். தன் கேமில் ஏஐ வாசனையே ஆகாது என்று திட்டி எழுதுகிறவர்களும் உண்டு, அவர்களிடம் வாதாடாதீர்கள்.

கோப்புக்கு இவ்வளவு என்று விலை வைத்தால் மாட்டிக்கொள்வீர்கள், உங்களைவிடக் குறைவாகக் கேட்க உலகம் முழுக்க ஆள் இருக்கிறது. நாங்கள் ஒரு கதாபாத்திரம், ஒரு லெவல் என்று மொத்தமாக விலை சொல்கிறோம், எஃப்மோட் வேலையும் பேரேடும் சேர்த்து. திருத்தம் இரண்டு முறை, மூன்றாவதற்குத் தனிக் காசு. இதை முதல் மெயிலிலேயே எழுதிவிடுங்கள், இல்லையென்றால் "அந்தக் கதவு இன்னும் கொஞ்சம் சோகமாக" என்று ஏழாவது முறை வருவார்கள்.

முதலீட்டாளர் வேண்டுமா?

சேவை கம்பெனிக்கு வேண்டாம். மென்பொருள் விற்கப்போகிறீர்கள் என்றால் யோசிக்கலாம், ஸ்டார்ட்அப் வாங்கும் முதலீட்டின் மேல் போட்ட ஏஞ்சல் டாக்ஸ் 2024 பட்ஜெட்டோடு போய்விட்டது, தமிழ்நாடு அரசின் ஸ்டார்ட்அப் டிஎன்-னும் விதை நிதி கொடுக்கிறது. ஆனால் பொத்தானை அழுத்தினால் சத்தம் என்கிற மென்பொருளை நீங்கள் விற்கப்போனால் எதிரில் நிற்பது லெவன்லேப்ஸ் மாதிரி பெரிய ஏஐ ஒலி நிறுவனங்கள்.

சவுண்ட் டிசைனர்கள் வேலையைப் பறிக்கிறீர்களே?

கொஞ்சம் பறிக்கிறோம், மழுப்ப மாட்டேன். நூலகத்தில் தேடி, சின்னச் சின்னச் சத்தங்களை வெட்டி அடுக்குகிற தொடக்கநிலை வேலை குறைந்துகொண்டு வருகிறது, நானே அந்த வேலையில்தான் தொழில் கற்றேன். புதிதாக வருகிறவர் எங்கே கற்பார் என்பதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. நாங்கள் ஒரு பெண்ணைப் பயிற்சிக்கு எடுத்து முதல் ஆறு மாதம் ஏஐ பக்கமே விடாமல் மைக்கும் கையுமாகச் சுற்றவிட்டோம். இப்போது ஏஐ கொடுத்ததில் எது தேறாது என்று எங்கள் மூவரையும்விட வேகமாகச் சொல்வது அவள்தான்.

உங்களிடம் வேலை இருக்கிறதா?

இப்போது இல்லை. இருக்கும்போது பயோடேட்டா கேட்க மாட்டோம். உங்கள் வீட்டில் ஏதாவது ஒரு கதவை, ஃபோனில் பதிவு செய்தாலும் பரவாயில்லை, எட்டு விதமாகச் சாத்தி அனுப்புங்கள் என்போம். ஃபேன் சத்தம் உள்ளே வராமல்.